சிங்கம் கர்ஜிக்கட்டும்... கேமராவும் ஓடட்டும்!



முதல் பாகம் ஓடினால் இரண்டாம் பாகம் வந்தே தீரும். இது இன்றைய சினிமாவின் நியூட்டன் விதி! 2017-ல் ‘பாகுபலி 2’, 2018-ல் ‘2.0’, 2022-ல் ‘கே.ஜி.எஃப். 2’, 2024-ல் ‘இந்தியன் 2’, அதே ஆண்டு டிசம்பரில் ‘புஷ்பா 2’ என்று வரிசை கட்டி வந்துவிட்டன. பாடப் புத்தகத்தில் யூனிட் டூ எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால் முழிக்கிற நம்ம பையன்கள், எந்தப் படத்தின் பார்ட் டூ எப்போது வந்தது என்று கேட்டால் தேதியோடு சொல்வார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் இத்தனை இரண்டாம் பாகங்களிலும் நம் மாவட்டத்துக்காரன் எழுத வேண்டிய படம் ஒன்றுதான். அது ‘சிங்கம் 2’. ஏன் என்று சொல்லுகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம்ம ஊர்ச் சிங்கம்

2010 மே 28-ல் ‘சிங்கம்’ வந்தது. 2013 ஜூலை 5-ல் ‘சிங்கம் 2’. டைரக்டர் ஹரி. துரைசிங்கம் வேடத்தில் சூர்யா. இசை தேவி ஸ்ரீ பிரசாத். முதல் பாகத்தில் நல்லூர் என்ற கிராமத்து ஸ்டேஷனில் இருந்து சென்னைக்குப் போகிற துரைசிங்கம், இரண்டாம் பாகத்தில் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. வாத்தியாராக வேஷம் கட்டிக்கொண்டு, துறைமுகத்தையும் கடலையும் வேவு பார்க்கிறார். ஊரில் கலவரம் மூண்டதும் சட்டென்று டி.எஸ்.பி. சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்குகிறார் பாருங்கள், அந்தக் காட்சிக்கு இன்றைக்கு டி.வி.யில் போட்டாலும் எங்கள் தெருவில் விசில் பறக்கும்! கடைசியில் கடல் தாண்டி தென்னாப்பிரிக்கா வரை போய் வில்லனைப் பிடித்து வருகிறார்.

எங்களுக்கு அந்தப் படம் பிடித்ததற்கு முதல் காரணம் சண்டை இல்லை, ஊர்தான். சினிமாவில் தூத்துக்குடி மாவட்டம் என்றாலே அரிவாள், உப்பளம், வெயில், அவ்வளவுதான். விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டையோ, சீமைக்கருவேல மூட்டத்தில் கரியாகிப் போகிற மனுஷர்களையோ, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அக்காமார்களையோ யார் பெரிய திரையில் காட்டினார்கள்? துரைசிங்கம் நம் பக்கத்து ஆள். அப்பாவை மதிக்கிறார், பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, ஊர்க் கோயில் திருவிழாவில் நிற்கிறார். “நம்ம பையன் ஒருத்தன் பெரிய ஆபீசர் ஆயிட்டாம்ல” என்று வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கும் ஒரு பெருமை. இதைக் குறைவாகப் பேச எனக்கு மனசு வராது.

இரண்டாம் பாகம் முதல் பாகத்தை விட வேகம். ஒரு ஷாட் கண்ணில் நிற்பதற்குள் அடுத்த ஷாட். வசனம் மூச்சு விடாமல் ஓடுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் பாகத்து வில்லன் உள்ளூர்க்காரர். இரண்டாம் பாகத்தில் வில்லன் வெளிநாட்டுக்காரன் ஆகிவிட்டான். எதிரி பெரிதானால் அடியும் பெரிதாக வேண்டும். இரண்டாம் பாகங்களின் சூத்திரமே இதுதான். கதை வளர்கிறதோ இல்லையோ, கை ஓங்குகிற உயரம் வளர்ந்துகொண்டே போகிறது.

டன் கணக்கும் நியூட்டன் கணக்கும்

கதாநாயகன் தன் அடியின் எடையை டன் கணக்கில் சொல்வாரே, அந்த வசனம் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். முதல் வருஷ மெக்கானிக்ஸ் வாத்தியாரிடம் விடைத்தாளில் விசையை ‘டன்’ என்று எழுதிக் காட்டுங்கள், சிவப்பு மையில் சுழித்து விடுவார். டன் என்பது நிறை. விசைக்கு அலகு நியூட்டன். ஒன்றரை டன்னை 9.81-ஆல் பெருக்கினால் சுமார் 14,700 நியூட்டன் வரும்.

சரி, கணக்கையே போட்டுப் பார்ப்போம். கையும் தோளும் சேர்ந்து 5 கிலோ, வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உந்தம் 50. அடி வாங்குகிறவர் 70 கிலோ என்றால் அவர் பின்னால் நகர்கிற வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர். அதாவது ஆள் தள்ளாடுவார், விழலாம், பறக்க மாட்டார். படத்தில் அவர் பதினைந்து அடி, அதாவது நாலரை மீட்டர் பறக்கிறார். ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து அவ்வளவு தூரம் போய் விழ விநாடிக்கு 10 மீட்டர் வேகம் வேண்டும். உந்தம் 700. பதினான்கு மடங்கு! அந்த உந்தம் எங்கிருந்து வந்தது? அடித்த கையில் இருந்து இல்லை. முதுகில் கட்டி, பின்னால் இருந்து இழுத்த கயிற்றில் இருந்து வந்தது. அந்தக் கயிற்றைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்து விடுகிறார்கள். கேமராவை விநாடிக்கு 24 பிரேமுக்குக் குறைவாக ஓட்டி எடுத்து 24-ல் காட்டினால் அடி வேகமாகத் தெரியும். 48-லோ அதற்கு மேலோ எடுத்து 24-ல் காட்டினால் நடை நிதானமாகி, ஒவ்வொரு தூசும் தெரியும்.

இதைச் சொல்லி ரசனையைக் கெடுப்பது என் நோக்கம் இல்லை. கயிற்றைக் கட்டி, அளந்து, ஒருவர் உடம்புக்கும் சேதமில்லாமல் இழுக்கிறார்களே, அந்த ஸ்டன்ட் தொழிலாளர்களின் வேலை நம் வொர்க்‌ஷாப் வேலைக்குச் சமமான நுட்பம். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: திரையில் ஒரு ஆள் பறக்கும்போது, எங்கேயோ ஒரு கயிறு அழிக்கப்பட்டிருக்கிறது. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வால் தலையாகிய கதை

இனி டிரெய்லருக்கு வருவோம். ‘டிரெய்லர்’ என்றால் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். டிராக்டருக்குப் பின்னால் வருகிறதே, அதே டிரெய்லர்தான்! ஆரம்ப காலத்தில் வெளிநாட்டுத் தியேட்டர்களில் வரப்போகிற படத்தின் விளம்பரத்தை, ஓடிய படம் முடிந்த பிறகு காட்டினார்கள். அதனால் வந்த பெயர். படம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று பிறகு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. 2024 ஜூலை 12-ல் வந்த ‘இந்தியன் 2’ இந்தச் சொல்லுக்கு அதன் பழைய அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. படம் முடிந்த கையோடு ‘இந்தியன் 3’ டிரெய்லரைக் காட்டினார்கள். படத்தைக் குறை சொல்லிக்கொண்டே எழுந்தவர்கள்கூட, அந்த டிரெய்லர் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டு போனார்கள். மூன்று மணி நேரச் சாப்பாட்டை விட கடைசியில் வந்த பாயசம் ருசித்த கதை!

2025 பொங்கலுக்கு ‘ஜெயிலர் 2’ அறிவிப்பு வீடியோ வந்தது. அதில் படம் இல்லை, படம் வரும் என்ற சேதி மட்டும்தான். அதற்கே சுமார் நான்கு நிமிஷம் வெடியும் புகையுமாக ஒரு குட்டிப் படமே எடுத்துவிட்டார்கள். ஹாஸ்டலில் ஒரே செல்போனை ஏழு பேர் சுற்றி நின்று பார்த்தோம். தியேட்டரில் காட்டும் டிரெய்லருக்குத் தனியாக சென்சார் சர்டிபிகேட் வேண்டும். செல்போனில் வருகிற டிரெய்லருக்கு அதுவும் இல்லை. எட்டாங்கிளாஸ் படிக்கிற தம்பியும் அதைத்தான் பார்க்கிறான்.

டிரெய்லரில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அறை இருக்கும், அறைந்ததற்கான காரணம் இருக்காது. துப்பாக்கி இருக்கும், எஃப்.ஐ.ஆர். இருக்காது. லாக்கப் இருக்கும், மாஜிஸ்திரேட் இருக்க மாட்டார். கைதி தொங்குவான், அவனுடைய அம்மா இருக்க மாட்டாள். இரண்டு நிமிஷத்துக்குள் நியாயத்தைச் சொல்ல முடியாது, அடியைக் காட்ட முடியும். அதனால் அடியே நியாயம் என்று ஆகிவிடுகிறது. இங்கேதான் எனக்கு இடிக்கிறது.

கை எந்தப் பக்கம்?

நம் மண்ணின் முதல் பெரிய ஆக்ஷன் ஹீரோ துரைசிங்கம் இல்லை. பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மன். 1959-ல் பி.ஆர்.பந்துலு எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி கணேசன் குரலை உயர்த்தினாரே, அந்தக் கர்ஜனையின் பேரன்தான் சிங்கத்தின் கர்ஜனை. என் தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்த வசனம் முழுசும் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். 1959-ல் கதாநாயகன் அதிகாரியின் முன்னால் நின்று குரல் கொடுத்தான். 2013-ல் கதாநாயகனே அதிகாரி. ஐம்பது சொச்சம் வருஷத்தில் கை அதேதான், நிற்கிற பக்கம் மாறிப் போயிற்று!

கட்டபொம்மன் எப்படி இறந்தான்? 1799 அக்டோபர் 16, நம் கயத்தாற்றில். மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, பெயருக்கு ஒரு விசாரணை நடத்தி, அன்றைக்கே தூக்கில் போட்டான். விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே நாளில், ஒரே ஆள் கையில். இன்றைக்கு நாம் தியேட்டரில் கைதட்டுகிற ‘உடனடி நீதி’ இதே வடிவம்தானே? 2003-ல் ஹரி எடுத்த ‘சாமி’யில் போலீஸ் அதிகாரி வில்லனைக் கொன்று, உடலையும் எரித்துவிட்டு, ஆள் தலைமறைவு என்று கணக்கை முடிப்பார். படத்தில் வில்லன் கெட்டவன் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் டைரக்டர் காட்டிவிட்டார். ஸ்டேஷனில் நிற்கிற ஆள் கெட்டவனா நல்லவனா என்று யார் காட்டுவது? அதற்குத்தானே கோர்ட்டு!

கோவில்பட்டிக்கு வந்த இருவர்

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம். நம் மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும், நேரம் கடந்து கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி போலீஸ் கொண்டு போனது. மறுநாள் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நம் கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டு வந்தார்கள். 22-ந் தேதி இரவு மகனும், 23-ந் தேதி காலை அப்பாவும் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். ஸ்டேஷனில் வாங்கிய அடி என்று நாடே பேசியது.

அப்போது எனக்கு வயது பதின்மூன்று. கோவில்பட்டிக்குப் போனால் அந்த ஆஸ்பத்திரி வழியாகத்தான் போவோம். தூத்துக்குடியில் 2018 மே மாதத்தில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போனவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சிங்கம் திரிந்த அதே மாவட்டம். அதே காக்கிச் சட்டை.

அதற்குப் பிறகு நடந்தது எந்த டிரெய்லரிலும் வராத ஆக்ஷன் காட்சி. மதுரை ஹைகோர்ட் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்கே போய் உட்கார்ந்து விசாரித்தார். போலீஸ்காரர்கள் ஒத்துழைக்கவில்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் பார்த்ததைப் பார்த்தபடி சாட்சி சொன்னார். கூட வேலை பார்க்கிறவர்கள் வெளியே நிற்கும்போது, உள்ளே உட்கார்ந்து உண்மையைச் சொல்வதற்கு எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை அதிகாரிகள் பொறுப்பில் எடுக்கச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டது. போலீஸ்காரர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், மதுரைக் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது.

இ.சி.இ. நண்பர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்த ஸ்டேஷனில் கேமரா இருந்தது. ஹார்டு டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவானது அன்றாடம் அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் அறிக்கை சொன்னது. சினிமாவில் கயிற்றை அழித்தார்கள். இங்கே பதிவை அழித்தார்கள். முன்னது ஆளைப் பறக்க வைக்க. பின்னது எதற்கு?

“படம்னா படம்தாம்டே!”

இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னதும் ஒரு நண்பன் கேட்டான்: “படம்னா படம்தாம்டே. ரெண்டு மணி நேரம் பார்த்தோமா, வந்தோமான்னு இல்லாம ஏன் நோண்டுத? சினிமா பார்த்தா போலீஸ் அடிக்கான்?” நியாயமான கேள்விதான். சினிமா வருவதற்கு முன்னாலும் லாக்கப்பில் அடி இருந்தது. ஒரு படத்தைப் பார்த்து எந்தப் போலீஸ்காரரும் லத்தியைத் தூக்குவதில்லை. ஆனால் அடிக்கும்போது ஊர் சும்மா இருப்பதற்கு சினிமா கொஞ்சம் உதவுகிறது. “அடிச்சாத்தான் உண்மை வரும்”, “நாலு போடு போட்டாத்தான் திருந்துவானுக” என்று டீக்கடையில் பேசுகிறோமே, அந்தப் பேச்சை நமக்குச் சொல்லிக் கொடுத்தது எது?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. டைரக்டர் ஹரியே 2020 ஜூனில் சாத்தான்குளம் சம்பவத்தைக் கண்டித்து அறிக்கை விட்டபோது, போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக மிகவும் வேதனைப்படுவதாகச் சொன்னார். ஓடின படத்தை எடுத்தவர் அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். ‘சிங்கம்’ இந்தியில் 2011-ல் ‘சிங்கம்’ என்றே அஜய் தேவ்கன் நடித்து வந்தது. அந்தப் படத்தைச் சுட்டிக்காட்டி, கோர்ட்டைக் காத்திராமல் போலீசே தீர்ப்புக் கொடுப்பதாகக் காட்டுவது ஆபத்தான சேதி என்று 2023-ல் மும்பை ஹைகோர்ட் நீதிபதி கௌதம் படேல் பேசினார்.

அதே சூர்யா 2021-ல் ‘ஜெய் பீம்’ படத்தைத் தயாரித்து நடித்தார். 1993-ல் கடலூர் பக்கம் லாக்கப்பில் இறந்த ஒரு ஏழைத் தொழிலாளியின் வழக்கை, வக்கீலாக இருந்த சந்துரு நடத்திய கதை. அதில் சூர்யா ஒருவரையும் பறக்க விடவில்லை. ஆட்கொணர்வு மனு, சாட்சி, குறுக்கு விசாரணை, இவைதான் சண்டைக்காட்சி. ஆனாலும் சீட்டு நுனியில் உட்கார வைத்தார்கள். வெற்றிமாறன் ‘விடுதலை’யை இரண்டு பாகமாக (2023, 2024) எடுத்து, அடிக்கச் சொல்லுகிற மேலதிகாரிக்கும் மனசாட்சிக்கும் நடுவில் மாட்டிய ஒரு சாதாரண போலீஸ்காரனைக் காட்டினார். அதுவும் இரண்டாம் பாகம்தானே! ஆக, முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மனு எழுதும் கை

என் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால் தெருவில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும், “தம்பி, நீ படிக்கிற பிள்ளை, ஒரு மனு எழுதிக் கொடுய்யா” என்று நம்மிடம்தான் வருவார்கள். ஸ்டேஷனுக்குக் கூடப் போகவும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் துரைசிங்கத்தின் வசனம் உதவாது. உதவுகிற விஷயங்கள் வேறு.

கைது செய்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டம் 22-வது பிரிவு சொல்லுகிறது. கைது செய்ததை வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், காவலில் இருப்பவரை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று 1996-ல் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சாத்தான்குளம் நடந்த அதே 2020-ல் டிசம்பர் 2-ந் தேதி, எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்க வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம், அதற்கு வழியில்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஒரு நாளில் அழிப்பதற்கும் 18 மாதம் வைத்திருப்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு செட்டிங், அதைச் சரியாகச் செய்கிற ஒரு டெக்னீஷியன். நாளைக்கு அந்த டெக்னீஷியன் நம்மில் ஒருவராக இருக்கலாம்.

நண்பர்களே! அடுத்த பார்ட் டூவுக்கும் பார்ட் த்ரீக்கும் நான் போகத்தான் போகிறேன். விசில் அடிப்பேன், டிக்கெட் கிடைக்காவிட்டால் சண்டையும் போடுவேன். ஹீரோ டன் கணக்கில் அடிக்கட்டும், வில்லன் பதினைந்து அடி பறக்கட்டும். ஆனால் தியேட்டரில் தட்டிய கையை ஸ்டேஷன் வாசலில் தட்டக் கூடாது என்பதே என் தாழ்மையான கருத்து. அங்கே வேண்டியது கைதட்டல் இல்லை, பேனா. கைது எத்தனை மணிக்கு, யார் கையெழுத்து, டாக்டர் பார்த்தாரா, கேமரா ஓடுகிறதா என்று நாலு கேள்வி கேட்கிற பிள்ளைகள் விளாத்திகுளத்தில் இருந்தும் கோவில்பட்டியில் இருந்தும் வந்தால், அதுதான் நம்ம ஊர் எடுக்கிற நல்ல இரண்டாம் பாகம்!